படித்துறைப் பயணிகள்

மணிமுத்தாற்றங்கரையில் டால்பின் வைக்கலாம் என்று சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் படம் காட்டியபோது கயல்விழியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. நகராட்சிக் கூட்ட அறையின் திரையில் டால்பின்கள் வரிசையாகத் துள்ளிக்கொண்டிருந்தன. ஃபைபரில் செய்து, நீல வர்ணம் அடித்து, வயிற்றுக்குள் விளக்கு வைத்துத் தருவார்களாம்.

"சார், எங்க ஆத்துல தண்ணி வர்றதே வருசத்துல கொஞ்ச நாளு. மத்த நாளெல்லாம் இந்த டால்பினு மணல்லதான் நீந்தணும்," என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் நல்ல மனிதர். அவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அதில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது.

விருத்தாசலத்தில் ஆற்றங்கரையைச் சீரமைக்கும் வேலை அப்போதுதான் பாதி நடந்திருந்தது. படித்துறையைச் செப்பனிட்டாகிவிட்டது. கரைச்சுவரும் நடைபாதையும் பாக்கி. மழைக்காலத்தில் ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்ய முடியாது, தை பிறந்தால்தான் மீண்டும் தொடங்கும். அதுவரை கரை குண்டும் குழியுமாகக் கிடக்க வேண்டாம், படித்துறையில் தற்காலிகமாக ஏதாவது ஒரு கலைப்படைப்பு வைக்கலாம் என்று முடிவானது. அதற்கு ஆள் பிடித்து, பேசி, செய்ய வைத்து, வேலை முடிந்ததும் அப்புறப்படுத்துகிற பொறுப்பு கயல்விழிக்கு. புதுச்சேரியில் ஒரு கலைக்கூடத்தில் சில வருடம் இதே மாதிரி வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவள். இங்கே அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. சரியாக வந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கக் கரையும் அவளுக்கே. வராவிட்டால் அங்கே தகரம் அடித்து விளம்பரம் ஒட்டிவிடுவார்கள்.

நகராட்சிப் பொறியாளர் கோவிந்தராசு கூட்டம் முழுக்க வாய் திறக்கவில்லை. டால்பினும் ஒட்டகச்சிவிங்கியும் எழுந்து போனபிறகு கயல்விழியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ என்னாம்மா வைக்கலாங்கிற?"

"நம்ம ஊரு மண்ணுதான் சார். செராமிக்."

அவர் முகம் மாறிவிட்டது. மாறாமல் என்ன செய்யும்? படித்துறைக்கு மேலே ஒரு மேடு இருந்தது. புல் முளைத்த வெறும் மேடு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஜேசிபி கை வைத்தபிறகுதான் தெரிந்தது, அது முழுக்க ஓட்டாஞ்சில்லு. உடைந்த ஃபியூஸ் கட்டை, கைப்பிடி போன கப், தலையில்லாத பொம்மை, கரண்டுக் கம்பத்துப் பீங்கான். பீங்கான் கம்பெனிகள் நிறைந்த ஊரில், எந்தக் காலத்தில் யார் கொட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. ஒரு சில்லு கோவிந்தராசுவின் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி, பல நாள் அவர் நொண்டிக்கொண்டே வேலையை மேற்பார்வை பார்த்தார்.

"இப்பதான் அள்ளி முடிச்சேன். மறுபடியும் கொண்டாந்து கொட்டுறேங்கிறியா?"

"இது பச்ச மண்ணு சார். சுடாத மண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சுடும்."

"எடுக்கிறப்ப என்னா மிச்சம் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. ஒரு ஓடு இருந்தாலும் அந்தப் பக்கக் கரையில நீங்க தகரத்த அடிச்சு நகைக்கட வெளம்பரத்த ஒட்டிக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கோவிந்தராசு மேசையில் விரலால் தாளம் போட்டார். "இத்தன பேரு காதுல உழுந்துடுச்சு, பாத்துக்க," என்றார்.

யோசனை பிரபாவுடையது. திட்டக்குடிக்காரி, சிற்பம் படித்தவள், கயல்விழியைவிடப் பத்து வயது மூத்தவள். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு கயல்விழி அவளை அழைத்து வந்து படித்துறையில் உட்கார வைத்து, இந்த இடத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, பிரபா முதலில் ஒரு டீயை முழுசாகக் குடித்து முடித்தாள். எதிரே வெறும் மணல். பாலத்துக்குப் பின்னால் எங்கோ ரயில் கூவியது.

"இந்த ஊருல சனம் எதுக்கு அதிகமா காத்துக்கிட்டு இருக்குது?" என்று கேட்டாள் பிரபா.

"ரயிலுக்கு. ஜங்ஷனாச்சே."

"அப்ப அவங்களயே இங்க கொண்டாந்து ஒக்கார வைப்போம். பையி, பெட்டி, டிபன் கேரியரு எல்லாத்தோடவும். ஆத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கட்டும். தண்ணி வரும். வந்து கால நனைக்கும். அப்பிடியே கரைஞ்சு அது கூடவே போயிடுவாங்க."

கயல்விழிக்குப் பிடித்துவிட்டது. கூட்டம் முடிந்த மாலையே பிரபாவைக் கூட்டிக்கொண்டு செராமிக் தொழிற்பேட்டைக்குப் போனாள்.

நசீம் பானுவின் கம்பெனி அங்கே நடுத்தரமான ஒன்று. உண்டியலும் பொம்மையும் செய்கிற இடம். அவள் கணவன் சஹீர் ஷார்ஜாவில் இருந்தான். கம்பெனியை நசீம்தான் நடத்தினாள். பிரபா வரைந்திருந்த படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ள அளவுதான, ஒடம்பு அச்சுல ஊத்திடலாம். தல, கை, மூட்டையெல்லாம் எங்க பொண்ணுங்க கையாலதான் ஒட்டணும்," என்றாள்.

"முகம் எப்பிடி வேணும்னாலும் இருக்கலாங்க்கா. அவங்களுக்குத் தோணுற முகம்," என்றாள் பிரபா.

அதுதான் வினையும் விசேஷமும். வருடம் முழுக்க ஒரே மாதிரி உண்டியலுக்கு ஒரே மாதிரி மூடி ஒட்டிக்கொண்டிருந்த பெண்களிடம், உனக்குத் தோன்றிய முகத்தைச் செய் என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? பெண்ணாடம் பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர் வந்தார். மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாள் வந்தாள். பேப்பரை விரித்தபடி தூங்கும் டீக்கடைக்காரர் வந்தார். அமுதவள்ளி என்று ஒருத்தி, வாய்த்துடுக்கானவள், தன் மாமியாரையே செய்து வைத்தாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை முன்னால் நீண்டு யாரையோ ஏசுகிற மாதிரி.

"ஏண்டி, மாமியார ரயிலேத்தி அனுப்புறியா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

"பொம்மையிலயாவது போவட்டுமே," என்றாள் அமுதவள்ளி.

யார் செய்தது என்று தெரியாமல் ஒரு ஆளும் அந்த வரிசையில் சேர்ந்திருந்தான். மெலிந்த முகம். காலுக்கு நடுவே ஒரு பெரிய பெட்டி. பெட்டியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கட்டுகிற கட்டு. நசீம் பானு அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். "மூக்கு கொஞ்சம் கோணியிருக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

பொம்மைகள் காய்ந்தன. நசீம் பானு பண்ருட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது சூளை பார்க்கும் விருத்தகிரியிடம், "இதுங்கள சுட வேணாமாம், பச்சையாவே கேக்குறாங்க. வண்டி வந்தா ஏத்தி வுடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொம்மைகள் படித்துறைக்கு வந்த காலையில் கயல்விழி முன்னதாகவே போய் நின்றாள். பிரபாவும் வந்திருந்தாள். மினிலாரியின் பின்கதவைத் திறந்து ஆட்கள் வைக்கோலை ஒதுக்கினார்கள். பச்சை மண் என்றால் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டும். இவர்களோ செங்கல் இறக்குகிற மாதிரி கைமாற்றி இறக்கினார்கள். ஒன்றும் உடையவில்லை. அங்கேயே கயல்விழிக்கு உறுத்தியது. சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய பொம்மைகள் வெளுத்திருந்தன. அருகில் இருந்த பூக்கார அம்மாளின் தோளில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

ணங் என்றது.

அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

லாரியின் முன்பக்கத்திலிருந்து விருத்தகிரி இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்னாம்மா, கீறல் ஏதும் உழுந்திருக்குதா?"

"கீறல் இல்லண்ணே. சுட்டுட்டீங்களா?"

"பின்ன? பச்சையாவா அனுப்புவாங்க?"

"பச்சையாத்தான் கேட்டோம்."

"அம்மா சொன்னாங்க. நீங்க செலவப் பாத்துக்கிட்டு அப்பிடிக் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்டியல் லோடு சூளைக்குப் போச்சு. நடுவுல எடம் கெடந்துது. சேத்து அடுக்கிட்டேன். காசெல்லாம் ஒண்ணும் வேணாம். நான் சூளைக்கு வந்த நாள்லேர்ந்து பச்ச மாலு எங்க கேட்டத் தாண்டினதில்ல. நாளைக்கு எவனாவது தொட்டுப் பாத்து, கை கையோட வந்துடுச்சுன்னா, நசீமம்மா கம்பெனி மால் பாத்தியான்னு கேக்க மாட்டானா?"

அவருக்கு உதவி செய்த திருப்தி. அதைக் கெடுக்கக் கயல்விழிக்கு வாய் வரவில்லை. ஆனால் பிரபாவுக்கு வந்தது.

"அண்ணே, கரையணும்னுதான் செஞ்சதே. தண்ணியில கரையணும்."

விருத்தகிரி அவளைப் பார்த்தார், பொம்மைகளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "கரையறதுக்கா இத்தன பேரு கை நோவ முகம் ஒட்டுனாங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குப் புரிந்ததும், தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்தில் கோவிந்தராசுவின் ஜீப் வந்தது. கூடவே ஒரு ஆள் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீரோடு இறங்கினான். கரைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

கயல்விழி அவர் வருவதற்குள் எதிரே போனாள். "சார், தண்ணி வேணாம். இது கரையாது. சுட்டுட்டாங்க."

கோவிந்தராசு நின்றார். பிறகு அந்த ஆளிடமிருந்து பக்கெட்டை வாங்கி, கண்டக்டர் பொம்மையின் தலையில் தானே கவிழ்த்தார். தண்ணீர் வழிந்து ஓடியது. மெருகு பூசாமல் சுட்டது என்பதால் பொம்மை கொஞ்சம் நீரைக் குடித்துக் கறுத்தது, அவ்வளவுதான். சில்லறை தராத அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"ஏத்துங்க வண்டியில," என்றார் பொறியாளர்.

"இருக்கட்டும் சார்."

"ஏம்மா, நீ என்னா சொன்ன? ஒரு ஓடு இருக்காதுன்னு சொன்ன. இப்ப ஒரு வண்டி ஓடு கொண்டாந்து எறக்கியிருக்கிற."

"சொன்னது மாறல சார். ஆத்துல தண்ணி வர்ற அன்னிக்கு இங்க ஒண்ணும் இருக்காது. ஜங்ஷன்ல வண்டி வந்தா சனம் கரைஞ்சா போவுது? எழுந்து, மூட்டைய எடுத்துக்கிட்டுப் போவுது. இவங்களும் போவாங்க. ஊரு சனம் வந்து ஆளுக்கு ஒண்ணா வூட்டுக்கு எடுத்துட்டுப் போவும்."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே விளங்கியது. ஆனால் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதனால் அதை நம்பலாம் என்று தோன்றியது.

கோவிந்தராசு முதல்முறையாகச் சிரித்தார். "இந்த ஊர்லயா? விருத்தாசலத்துல எவன் வூட்டுக்குப் பொம்ம எடுத்துட்டுப் போவான்? என் வூட்டுல ஷோகேஸ் ரொம்பி, பீரோ மேல ரொம்பி, கட்டிலுக்கு அடியில கெடக்குது. கல்யாணத்துக்குக் குடுத்தா வாங்குறவன் மூஞ்சி சுருங்குது. மெட்ராஸ்ல வச்சாக்கூட எடுப்பான். இங்க?"

"எடுப்பாங்க."

"எடுக்கலன்னா?"

"அன்னிக்கே நான் அள்ளிடுறேன். அந்தப் பக்கக் கரையில உங்க தகரம்."

அவர் படிகளை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி வர்ற வரைக்கும்," என்று சொல்லிவிட்டு, காலிப் பக்கெட்டோடு ஜீப்பில் ஏறினார்.

பிரபா மணலில் இறங்கிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கயல்விழி அவளுக்குப் பக்கத்தில் போனாள்.

"எம் பேரப் போடாத," என்றாள் பிரபா. "நான் செய்ய வந்தது வேற."

"சரிக்கா. போடல. ஆனா ஒண்ணு சொல்லு. அந்தப் பூக்காரம்மா கரைஞ்சு போனா ஒனக்கு என்னா கெடைக்கும்?"

"போயிட்டாங்கன்னு தெரியும். இருந்த எடம் காலியா இருக்கும். அதுதான் வேலையே."

"அப்ப காலியா இருக்கணும், அவ்ளோதான? தண்ணி கொண்டு போனா என்னா, சனம் கொண்டு போனா என்னா?"

"சனம் வரலன்னா?"

"வருவாங்கக்கா. அந்த முகமெல்லாம் அவங்க முகம்."

பிரபா மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள். "கயிறு கட்டக் கூடாது. தொடாதேன்னு போர்டு வைக்கக் கூடாது. இது இன்னாருன்னு எழுதி ஒட்டக் கூடாது. அவங்களா கண்டுபுடிக்கணும்."

"சரி."

"காத்துல உழுந்து ஒடைஞ்சுதுன்னா அந்த இன்ஜினியரு சந்தோசப்படுவாரு. உள்ள மணல ரொப்பு."

அடியில் இருந்த துளை வழியாக ஆற்றுமணலை நிரப்பினார்கள். துளையை அடைக்கத் துணி வைத்தால் அதுவும் குப்பை. விருத்தகிரி தானே போய்க் கம்பெனியிலிருந்து ஒரு கூடைப் பச்சைக் களிமண் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் உருட்டி அடைத்தார். "இதாவது பச்சையா இருக்கட்டும்," என்றார். அன்று அவர் பேசியது அதோடு சரி.

முதல் சில நாட்கள் படித்துறைக்கு ஆடுகள்தான் வந்தன. கயல்விழி தினமும் காலையும் மாலையும் வந்து பார்த்தாள். பாலத்தின் மேலே வண்டியில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். கோவிந்தராசு ஜீப்பை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

பெண்ணாடம் பஸ்தான் அதை மாற்றியது. பாலத்தில் ஒருநாள் நெரிசல். நின்ற பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் கீழே பார்த்துவிட்டு, "கண்டக்டரு, நீங்க கீழ ஒக்காந்திருக்கீங்க," என்று கத்த, பஸ் முழுக்க ஒரு பக்கமாக எழுந்து எட்டிப் பார்த்தது. மறுநாள் கண்டக்டர் வேலைக்குப் போகும் முன் மனைவியோடு வந்தார். பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் இவ்ளோ கடுகடுன்னா இருக்கிறேன்?" என்று கேட்டார்.

"இதவிட," என்றாள் மனைவி.

அதன்பிறகு சொல்ல வேண்டுமா? சனம் வரத் தொடங்கியது. வேலை முடிந்து போகும் கம்பெனிப் பெண்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள், கோயிலுக்கு வந்தவர்கள் என்று சாயங்காலமானால் படித்துறை நிறைந்தது. பொம்மைக்கும் மனிதருக்கும் நடுவே இடம் தேடி உட்கார்ந்தார்கள். இது யார், அது யார் என்று சண்டை. ஒரே பொம்மையை இரண்டு குடும்பங்கள் தங்கள் சித்தப்பா என்றன. டீக்கடைக்காரர் தன் பொம்மையின் மடியில் தினமும் அன்றைய பேப்பரை வைத்துவிட்டுப் போனார்.

அமுதவள்ளியின் மாமியார் பெரியம்மாளும் வந்தாள். யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பொம்மையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏசுகிற மாதிரி இருந்தது.

"மூக்கு எனக்கு இவ்ளோ பெருசாடி?" என்று மருமகளைக் கேட்டாள்.

"மண்ணு காயறப்ப கொஞ்சம் சுருங்கும்னு நெனச்சேன் அத்த. சுருங்கல."

பெரியம்மாள் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வந்து, தன் பொம்மையின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் காலையில் பூக்கார அம்மாளின் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் மாலை, காலடியில் கற்பூரம் எரிந்த கறை. கயல்விழிக்குத் திக்கென்றது. இதை விட்டால் நாளைக்கு உண்டியல் வரும், அடுத்த வாரம் கூரை வரும், தண்ணீர் வந்தாலும் பொம்மையை அசைக்க முடியாது. ஈரத்துணி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் தயங்கி வந்தாள்.

"ஏம்மா தொடைக்கிற? நல்லாத்தான இருக்குது?"

"இவங்க ஊருக்குப் போறவங்கம்மா. சாமியாக்கிட்டா எப்பிடி ஊருக்குப் போவாங்க?"

அந்த அம்மாள் யோசித்தாள். "அதுவும் சரிதான்," என்று சொல்லி, மாலையைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஐப்பசி பாதியில் மேற்கே மலைப்பக்கம் அடைமழை பிடித்தது. இங்கே தூறல்தான். நனைந்தால் பொம்மைகள் கறுக்கும், வெயில் வந்தால் வெளுக்கும். ஒரு காலையில் கோவிந்தராசு போன் செய்தார்.

"அணையத் தொறந்துட்டாங்க. மத்தியானத்துக்குள்ள தண்ணி இங்க வந்துடும். மைக் வண்டி அனுப்பப் போறேன். ஒன் டால்பினயெல்லாம் எடுத்துடு."

"சார், மைக்ல ஒரு வரி சேத்துச் சொல்லச் சொல்லுங்க."

"என்னா வரி?"

அவள் சொன்னாள். "நகராட்சி மைக்ல இதயெல்லாமா சொல்லுவாங்க?" என்றார் அவர். ஆனால் கொஞ்ச நேரத்தில் மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது:

"மணிமுத்தாற்றில் தண்ணீர் வரவிருப்பதால் பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். படித்துறையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஆட்களை உடனே வந்து வீட்டுக்கு அழைத்துப் போகவும்."

கயல்விழி படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரபா திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். படிகளில் பொம்மைகளைத் தவிர யாருமில்லை. இருவரும் மேல்படியில் நின்றார்கள்.

முதலில் வந்தவர் டீக்கடைக்காரர். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். தன் பொம்மையைக் கவிழ்த்துக் களிமண் அடைப்பை நோண்டி எடுத்தார். மணல் பொலபொலவென்று படியில் கொட்டியது. தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "கல்லாவுல ஒக்கார வச்சிட்டு நான் கொஞ்சம் தூங்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஆட்டோக்கள் வந்தன, சைக்கிள்கள் வந்தன. கண்டக்டரின் மனைவி வந்தாள். ஜங்ஷனிலிருந்து ஒரு போர்ட்டர், மூட்டை சுமந்த போர்ட்டர் பொம்மையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். சித்தப்பாவுக்குச் சண்டை போட்ட இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் வந்து, வாரத்துக்கு ஒருவர் வைத்துக்கொள்வது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். அமுதவள்ளி மாமியாரை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். நிஜ மாமியார் பின்னால், "பாத்துடி, பாத்துத் தூக்குடி," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். எங்கும் மணல் குவியல் குவியலாக விழுந்தது. ஆற்றிலிருந்து எடுத்த மணல் ஆற்றங்கரையிலேயே கிடந்தது.

நசீம் பானு ஸ்கூட்டியை மேலே நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். நேராகப் பெட்டிக்காரனிடம் போனாள்.

"யாருக்கா அது?" என்று கேட்டாள் கயல்விழி.

"யாரோ. மூக்கு சரியில்ல. ஆனா பெட்டி கட்டியிருக்கிற கட்டப் பாரு, எங்க ஊட்டுக்காரரு கட்டுற மாதிரியே இருக்குது. அந்தக் கயித்த அவுக்கவே எங்களுக்கு அர நாளு ஆவும்." பொம்மையை ஸ்கூட்டியின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, தன் துப்பட்டாவால் ஒரு சுற்று சுற்றிக் கட்டினாள். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.

கோவிந்தராசு குடையோடு வந்து நின்றபோது படிகள் பெரும்பாலும் காலி. மேற்கே ஆற்று வளைவில் மணலின் நிறம் மாறியிருந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கீழ்ப்படியில் சில பொம்மைகள் மட்டும் மிச்சம். யாருடைய முகமும் இல்லாதவை, கை சலித்த நேரத்தில் பெண்கள் செய்தவை. ஊரில் யாரும் அவற்றைத் தெரியும் என்று சொல்லவில்லை. பொறியாளர் அவற்றைப் பார்த்தார். பிறகு கயல்விழியைப் பார்த்தார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினாள்.

அவளுக்கு முன்னால் விருத்தகிரி இறங்கினார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, மேலே மினிலாரி நின்றது. "இதுங்கள ஊருக்குத் தெரியாது," என்றார். "எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா சூளையில அடுக்குனது நான்தான்." கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். பிரபா கீழே போய் மிச்சத்தை எடுத்து அவர் பின்னால் வந்தாள். பொம்மைகள் வந்து இறங்கிய காலையிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில்லை. லாரியில் வைக்கோலை விரித்துக்கொண்டே, "மெதுவாம்மா," என்றார் அவர். "நீங்க சுட்டதுண்ணே, ஒடையாது," என்றாள் அவள்.

கோவிந்தராசு ஒவ்வொரு படியாக நடந்தார். சில்லு ஏறிய கால் இன்னும் கூசுகிறது போல, பார்த்துப் பார்த்து வைத்தார். மணல் குவியல்களைக் குடை நுனியால் கிளறினார். நடுப்படியில் ஒரு குவியலில் குடை எதிலோ தட்டியது. குனிந்து எடுத்தார். வெள்ளையாக ஒரு சின்னக் கை. முழங்கையிலிருந்து ஒடிந்தது. ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

அதை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தம் மாதிரிதான் இருந்தது. "ஒரு ஓடுகூட இருக்காதுன்னு சொன்ன," என்றார்.

கயல்விழி அந்தக் கையைப் பார்த்தாள். சொன்னது சொன்னதுதான். தகரம் அடித்த கரை ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

மேலே ஒரு ஆட்டோ வேகமாக வந்து நின்றது. பெரியம்மாள் இறங்கினாள். ஆட்டோவுக்குள் அமுதவள்ளி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள்.

"பாத்துத் தூக்குடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாதி வழியில பாத்தா கையக் காணோம்," என்று படி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள் பெரியம்மாள். பொறியாளரின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், அது எங் கைதான். குடுங்க."

கோவிந்தராசு அவள் நீட்டிய கையையும் தன் உள்ளங்கையில் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொடுத்துவிட்டார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு படியேறினாள். ஆட்டோ போய்விட்டது.

தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டது. கலங்கல் தண்ணீர், நுரையும் சருகுமாக. முதல் மணல் குவியலை நக்கிப் பார்த்தது, இழுத்துக்கொண்டது. விருத்தகிரி அடைத்திருந்த களிமண் உருண்டைகள் படியெல்லாம் கிடந்தன. தண்ணீர் பட்டதும் அவை வெள்ளையாகப் புகைந்து கரைந்தன. பிரபா கடைசிவரை நின்று அதைப் பார்த்தாள்.

கோவிந்தராசு குடையை மடக்கினார். அடுத்த கரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தாண்ட என்னா வைக்கலாங்கிற?"

"யோசிக்கணும் சார்."

"யோசி. தையில சொன்னாப் போதும்." ஜீப்புக்குப் போக இரண்டு அடி வைத்தவர் நின்றார். "ஆனா எதச் சொன்னாலும் சூளைக்காரர்கிட்ட மொதல்ல சொல்லிடு."